பார்த்தீனியத்தை ஒரு நிலத்திலிருந்து அகற்றுதல்: முழுமையான வழிகாட்டி

வறண்ட தரிசு, சாலையோரம், கட்டுமானத்துக்காகக் கிளறிப் போட்ட மண், மேய்ந்து மொட்டையான புல்வெளி என மண் கலைந்து வெறுமையாகக் கிடக்கும் இடங்களில் தானாக முளைத்து, ஓராண்டுக்குள் தன் வாழ்நாளை முடித்துக்கொள்ளும் செடி பார்த்தீனியம். அதைப் பிடுங்குவது கடினமான வேலையன்று. ஆனால் வரிசை தவறிப் பிடுங்கினால், அடுத்த மழைக்குப் பிறகு முன்பைவிட அடர்த்தியாக அது எழுந்து நிற்கும். இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்களுடன் பல பருவங்கள் நின்று பார்த்ததில், பெரும்பாலோர் உழைப்பில் குறை வைக்கவில்லை, எதை முதலில் செய்வது என்பதில்தான் தவறினார்கள் என்று தெரிந்தது. அதனால் இங்கே வரிசைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. செடியை மூன்று பருவங்களிலும் அடையாளம் காணுதல்

நான்கடி உயரத்தில் வெள்ளைப் பூக்களோடு நிற்கும் பார்த்தீனியத்தை எவரும் கண்டுகொள்வர். ஆனால் அந்த நிலையில் பாதி வேலை கைநழுவியிருக்கும். நீங்கள் பழக வேண்டியது அதன் இளம் பருவத்தைத்தான்.

முளைத்த சில வாரங்களுக்குத் தண்டு எழுவதில்லை. இலைகள் தரையோடு ஒட்டி வட்டமாகப் பரந்திருக்கும். ஒவ்வோர் இலையும் காரட் இலையை நினைவூட்டும்படி ஆழமாகப் பிளவுபட்டு, வெளிர்பச்சை நிறத்தில், மெல்லிய ரோமங்களுடன் இருக்கும். அடுத்த பருவத்தில் நடுவிலிருந்து தண்டு எழும். அதில் நீளவாக்கில் வரிவரியான பள்ளங்களைக் காணலாம், விரலால் தடவினாலும் தெரியும். மேலே செல்லச்செல்ல இலைகள் சிறுத்துவிடும். மூன்றாம் பருவத்தில் தண்டின் அடிப்பகுதி கட்டைபோல் இறுகி, உச்சி பலவாகக் கிளைத்து, நான்கைந்து மில்லிமீட்டர் அகலமுள்ள வெண்ணிறப் பூந்தலைகள் நூற்றுக்கணக்கில் தோன்றும்.

இளஞ்செடியைத் துலுக்கச் சாமந்தி நாற்றோடு பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். சாமந்தி நாற்றின் இலைகள் தண்டில் எதிரெதிராக அமைந்திருக்கும், கசக்கினால் கடுமையாக மணக்கும். தண்டெழுந்த பார்த்தீனியத்தில் இலைகள் மாறிமாறி அமைந்திருக்கும். மூக்குத்திப்பூவையும் சிலர் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். அது தரையில் படரும், இலை ஆழமாகப் பிளவுபடாது, நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூந்தலையைத் தாங்கி நிற்கும். மண்ணை மூடி நிற்கும் அத்தகைய செடியைத் தவறுதலாக அகற்றுவது, பார்த்தீனியத்துக்கு நாமே இடம் ஒதுக்கித் தருவதாகும்.

2. விதையின் கணக்கைப் புரிந்துகொள்ளுதல்

பின்வரும் படிகள் அனைத்துக்கும் காரணம் இந்தப் பகுதியில் இருப்பதால், இதைத் தாண்டிச் செல்லாதீர்கள்.

ஒரு பூந்தலையில் பெரும்பாலும் 5 விதைகள் உருவாகின்றன. நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000 முதல் 25,000 விதைகள் வரை உதிர்க்கக்கூடும். ஈரம் போதுமானதாக இருந்தால் ஆண்டின் எந்த மாதத்திலும் விதை முளைக்கும். முளைத்த நான்கு முதல் எட்டு வாரங்களில் செடி பூத்துவிடும். ஆகவே ஈரமுள்ள காலம் நீண்டால், ஒரே ஆண்டில் பல தலைமுறைகள் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன.

மண்ணின் மேற்பரப்பில் கிடக்கும் விதைகள் சில மாதங்களில் முளைக்கும் திறனை இழக்கின்றன. சில அங்குல ஆழத்தில் புதைந்தவையோ ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த ஆழத்திலிருந்து முளை மேலே வர இயலாது என்பதால் அவை காத்துக் கிடக்கின்றன, மண்ணைப் புரட்டி மேலே கொண்டுவந்ததும் முளைக்கின்றன. நிலத்தை ஆழ உழுது சுத்தம் செய்துவிட்டதாக மகிழ்ந்தவர்கள் அடுத்த மாதமே பச்சைப் பாய் விரித்தாற்போல் நாற்றுகளைக் காண்பது இதனால்தான்.

இதிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. இனி இந்த நிலத்தில் ஒரு செடிகூட விதை உதிர்க்கக் கூடாது. தேவையின்றி மண்ணை ஆழமாகக் கிளறக் கூடாது.

3. உடலைக் காத்தல்: வேலைக்கு முன்னரே முடிவு செய்ய வேண்டியவை

பார்த்தீனியத்தில் உள்ள பார்த்தீனின் என்ற வேதிப்பொருள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. செடியின் ரோமங்களும் காய்ந்த துகள்களும் காற்றில் பறந்து படிந்தாலே போதும், நேரடியாகத் தொட வேண்டியதில்லை. மகரந்தம் தும்மலையும் மூக்கொழுகலையும், சிலருக்கு மூச்சிரைப்பையும் தூண்டும்.

புதியவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: “நான் பலமுறை வெறுங்கையால் பிடுங்கியிருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.” இந்த ஒவ்வாமை முதல் தொடுதலில் வருவதைவிட, திரும்பத் திரும்பத் தொட்டபின் உடல் அதை அடையாளம் கண்டுகொண்டு எதிர்வினை காட்டுவதாகவே பெரும்பாலும் வருகிறது. அப்படி ஒருமுறை வந்துவிட்டால், பின்னர் சிறிதளவு பட்டாலும் திரும்ப வரும். இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பது இனிமேலும் ஆகாது என்பதற்கு உத்தரவாதமாகாது.

ஆஸ்துமா உள்ளவர்களும், ஏற்கெனவே இந்தச் செடியால் தோல் பாதிக்கப்பட்டவர்களும் இந்த வேலையில் ஈடுபடவே கூடாது. மற்றவர்களுக்குத் தேவையானவை: மணிக்கட்டைத் தாண்டி நீளும் ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, முழுநீளக் கால்சட்டை, மூடிய காலணி, கண்ணாடி, மூக்கோடு நன்கு படியும் என்-95 வகை முகக்கவசம். துணிக் கையுறை சாற்றை உறிஞ்சித் தோலோடு சேர்த்து வைத்துக்கொள்வதால் அதைத் தவிர்க்க வேண்டும். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு கட்டிக்கொள்வது நல்லது. கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில்தான் அரிப்பு முதலில் தலைகாட்டும்.

அப்படி அரிப்போ சிவப்போ தோன்றினால் அன்றைய வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, சோப்பால் கழுவி, மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்னும் பத்துச் செடிதானே பாக்கி என்று தொடர்வதைப்போன்ற அசட்டுத்தனம் வேறில்லை.

4. கருவிகளும் நாளும்

கருவிகள் குறைவு: களைக்கொத்து ஒன்று, இறுகிய மண்ணுக்கு ஒரு சிறு கடப்பாறை, கிழியாத தடித்த பிளாஸ்டிக் பைகள், ஒரு தார்ப்பாய், அடையாளத்துக்குச் சில குச்சிகள், ஒரு கத்தரி. சணல் சாக்கில் பூத்த செடிகளைத் திணிக்கக் கூடாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டரே உள்ள விதைகள் அதன் இடுக்குகளில் வழிந்துவிடும். ஒருமுறை, சேகரித்த செடிகளைச் சாக்கில் கட்டி இருசக்கர வண்டியில் ஏற்றிச் சென்ற ஒருவரின் பாதையை அடுத்த பருவத்தில் நாற்றுகளைக் கொண்டே கண்டுபிடிக்க முடிந்தது.

மழை பெய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ சிறந்தது. பார்த்தீனியத்துக்கு ஆழமாக இறங்கும் ஆணிவேர் உண்டு. மண் ஈரமாக இருந்தால்தான் அது முழுதாக வெளிவரும். அதே நேரத்தில் இலைகள் உலர்ந்திருக்க வேண்டும், ஏனெனில் நனைந்த செடியின் விதைகள் கையுறையிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு நம்மோடு நடந்து வரும். காற்று பலமாக வீசும் நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

5. பிடுங்கும் முன் நிலத்தை நடந்து பார்த்தல்

வேலைக்கு முந்தைய நாள் அரை மணி நேரம் செலவிட்டு நிலத்தைச் சுற்றி வாருங்கள். மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: மழைநீர் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது, செடி எங்கே அடர்த்தியாகவும் எங்கே ஒன்றிரண்டாகவும் உள்ளது, எவை பூத்துவிட்டன. பூத்தவற்றின் அருகில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். அடர்ந்த புதரினுள் நின்றுகொண்டு தேடும்போது அவை கண்ணில் படாமல் போகும்.

வேலையை மேட்டுப் பகுதியில் தொடங்கி, நீர் ஓடும் திசையில் கீழ்நோக்கி நகர்த்த வேண்டும். விதைகள் நீரில் மிதந்து செல்லக்கூடியவை. கீழே சுத்தம் செய்துவிட்டு மேலே விட்டுவைத்தால், ஒரு பலத்த மழையில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அதேபோல, செடி அரிதாக உள்ள இடத்திலிருந்து அடர்ந்த இடத்தை நோக்கிச் செல்ல வேண்டும். புதியவர்களுக்கு இது ஏற்பதற்குக் கடினமான அறிவுரை. கண்ணை உறுத்தும் பெரும் புதரைத்தான் முதலில் வெட்டத் தோன்றும், முழு நாளும் அதிலேயே கழியும். அதற்குள் ஓரங்களில் நின்ற பத்துப் பதினைந்து செடிகள் பூத்துக் காய்த்துப் புதிய இடங்களைப் பிடித்துவிடும். அரிதாக உள்ள இடத்தில் ஒரு மணி நேர உழைப்பு பெரும் பரப்பைக் காப்பாற்றிவிடும், அங்கே புல்லும் பிற செடிகளும் ஏற்கெனவே இருப்பதால் வெற்றிடத்தை அவையே நிரப்பிக்கொள்ளும்.

6. பூத்த செடிகளை முதலில் அகற்றுதல்

குச்சி நட்ட செடிகளிடம் செல்லுங்கள். பிளாஸ்டிக் பையைத் தலைகீழாகப் பூந்தலைகளின் மேல் மெதுவாகக் கவிழ்த்து, கழுத்தை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே கத்தரியால் வெட்டுங்கள். பையை நிமிர்த்தி இறுகக் கட்டியபிறகு, எஞ்சிய தண்டை வேரோடு பிடுங்குங்கள். நேரடியாக உலுக்கிப் பிடுங்கினால், முற்றிய விதைகள் அந்த நொடியிலேயே கொட்டிவிடும். களையெடுக்கும் கையே அப்போது விதைக்கும் கையாகிறது.

இப்போதுதான் பூத்திருக்கிறது, விதை பிடித்திருக்காது என்று தரையில் போட்டுவிடுவதும் கூடாது. ஒரே செடியில் அரும்பும் பூவும் முற்றிய தலையும் ஒன்றாக இருக்கும், கண்ணால் பிரித்தறிவது நம்பத்தக்கதன்று. பிடுங்கிய செடி வாடும் வரை உள்ள சாற்றைக் கொண்டே பாதி முற்றிய விதைகள் முழுதாக முற்றிவிடவும் கூடும்.

7. பூக்காத செடிகளைப் பிடுங்குதல்

தண்டின் அடியை மண்ணோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுக்க வேண்டும். வேர்த்தலை, அதாவது தண்டும் வேரும் சேரும் இடம், கட்டாயம் வெளியே வர வேண்டும். அது மண்ணில் தங்கினால் அங்கிருந்து பல தளிர்கள் ஒன்றாகக் கிளம்பும். தரையொட்டிய இளஞ்செடிகளில் பிடித்து இழுக்கத் தண்டு இல்லை. இலையைப் பற்றி இழுத்தால் இலை மட்டும்தான் கையோடு வரும். அவற்றுக்குக் களைக்கொத்தைச் சாய்வாக இறக்கி, வேர்த்தலைக்குச் சற்றுக் கீழே அறுத்து எடுப்பதே வழி.

அரிவாளாலோ புல்வெட்டும் இயந்திரத்தாலோ செடியை மேலே மட்டும் வெட்டுவது மிகப் பரவலான தவறு. பார்வைக்கு நிலம் சமமாகிவிடும். ஆனால் வெட்டுப்பட்ட செடி அடியில் கிளைத்து, அடுத்தமுறை கத்தி படாத உயரத்தில் பூக்கும். பூத்த செடிகள் உள்ள இடத்தில் இயந்திரத்தை ஓட்டுவது இன்னும் மோசம். அது விதைகளைச் சுற்றிலும் வீசுவதோடு, தன் அடித்தட்டில் ஒட்டியவற்றை அடுத்த நிலத்துக்கும் சுமந்து செல்லும்.

பிடுங்கும்போது உண்டாகும் குழியைக் காலால் மிதித்துச் சமப்படுத்துங்கள். சிறு வேலைதான், ஆனால் கிளறிய மண்ணில்தான் அடுத்த விதை முதலில் முளைக்கிறது.

8. பிடுங்கியவற்றை என்ன செய்வது

பூக்காத செடிகளையும் பூத்த செடிகளையும் ஒரு நொடிகூட ஒன்றாகக் குவிக்காதீர்கள். இதில் நானே தவறியிருக்கிறேன். ஓரிரண்டு பூத்த செடிகள் கலந்த குவியலை உரக்குழியில் போட்டு, மட்கிவிட்டது என்று நம்பி, அந்த உரத்தைப் பாத்திகளில் இட்டேன். மூன்றாம் வாரத்தில் உரம் விழுந்த கோடுகளில் வரிசையாக நாற்றுகள் நின்றன. உரக்குவியலின் நடுவில் விதையைக் கொல்லும் அளவுக்கு வெப்பம் எழுந்தாலும், ஓரங்களும் மேற்பரப்பும் குளிர்ந்தே இருக்கின்றன.

பூக்காதவற்றை வேர்மண்ணை உதறிவிட்டு, தார்ப்பாயின் மேல் வேர் வெளியே தெரியும்படி பரப்பி நன்றாக வாடவிடுங்கள். ஈரமண்ணின் மேல் போட்டால் சில செடிகள் மீண்டும் வேர்விடும். வாடியபின் அவற்றை உரக்குழியில் சேர்க்கலாம். ஆனால் முழுமையாக மட்கும் வரை பயன்படுத்தக் கூடாது. பார்த்தீனியத்தில் உள்ள பொருட்கள் பிற செடிகளின் முளைப்பையும் வளர்ச்சியையும் தடுப்பவை, ஆகவே பச்சையாக அதை நாற்றுகளுக்கு மூடாக்காகப் போடுவது அந்த நாற்றுகளுக்கே தீங்காகும். ஆடுமாடுகளுக்குத் தீவனமாகப் போடவும் வேண்டாம். அது அவற்றுக்கு நஞ்சு, பாலிலும் கசப்பு ஏறும்.

பூத்தவற்றைக் கட்டிய பைகளிலேயே வைத்து, திறக்காமல், வெயிலில் பல வாரங்கள் விட்டுவிடுங்கள். பையினுள் வெப்பமும் ஈரமும் சேர்ந்து பெரும்பகுதியை அழுகச் செய்யும். பின்னர் இனி எவரும் தோண்டப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் ஆழக் குழியெடுத்துப் புதைக்கலாம். நிலத்தில் நிற்கும் செடிகளுக்குத் தீவைப்பதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைப்பதில்லை. போட்டியிடக்கூடிய புற்களும் அதில் எரிந்து, அடுத்த முளைப்புக்கு ஏற்ற வெற்று மண் கிடைக்கும்.

9. வெறுமையான மண்ணை உடனே மூடுதல்

பிடுங்கி முடித்த மாலையில் பலரும் வேலை முடிந்துவிட்டதாகக் கருதுகிறார்கள். என் பார்வையில் பாதி வேலை இன்னும் பாக்கி. வெறும் மண் விட்டுவைக்கப்பட்டால், மேற்பரப்பில் கிடக்கும் விதைகள் அடுத்த ஈரத்திலேயே எழும்.

சிறிய பரப்பானால் சுமார் 10 சென்டிமீட்டர் தடிமனுக்குச் சருகையோ வைக்கோலையோ மூடாக்காகப் பரப்புங்கள். ஒளி குறைந்து முளைப்பு தடைப்படும், தப்பி முளைப்பவற்றையும் எளிதாகப் பிடுங்கலாம். வைக்கோல் பார்த்தீனியம் இல்லாத நிலத்திலிருந்து வந்ததா என்பதைக் கேட்டறிந்த பிறகே வாங்குங்கள்.

பெரிய பரப்புக்குப் போட்டிச் செடிகள்தான் தீர்வு. விரைவாக முளைத்து நிழல் பரப்பும் செடிகளை அடர்த்தியாக விதைக்க வேண்டும். தகரை, துலுக்கச் சாமந்தி, கொழுக்கட்டைப்புல் ஆகியவை பார்த்தீனியத்தோடு போட்டியிடக்கூடியவை. இவற்றுள் எது அந்த நிலப்பகுதியில் ஏற்கெனவே வளர்கிறதோ அதையே தேர்ந்தெடுங்கள். ஒரு களையை விரட்ட இன்னொரு களையைப் புதிதாக அழைத்து வருவது அறிவுடைமையாகாது. ஈரம் தொடங்குவதற்குச் சற்று முன் விதைத்தால் அவை முந்திக்கொள்ளும், பார்த்தீனியம் முளைத்தபின் விதைத்தால் பின்தங்கிவிடும்.

10. திரும்ப வருதல்: மூன்று வாரக் கெடு

முளைத்த நான்காம் வாரத்திலேயே ஒரு செடி பூக்கத் தொடங்கக்கூடும் என்பதால், மண்ணில் ஈரமுள்ள காலம் முழுவதும் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை நிலத்தைச் சுற்றி வர வேண்டும். இந்த இடைவெளியைக் காத்தால் எந்தச் செடியும் விதை உதிர்க்கும் பருவத்தை எட்டாது. ஆறு வாரம் தள்ளிப்போட்டால் பை, கத்தரி எல்லாம் மீண்டும் தேவைப்படும். மூன்று வாரத்தில் வந்தால், கையுறை முதலான பாதுகாப்போடு, கருவியாகக் களைக்கொத்து ஒன்றே போதும், நேரமும் ஒவ்வொரு சுற்றிலும் குறைந்துகொண்டே வரும்.

வறண்ட மாதங்களில் இடைவெளியை நீட்டலாம். ஆனால் குழாய்க் கசிவு, கழிவுநீர் தேங்கும் ஓரம், வேலியடி ஆகியவற்றை அப்போதும் பார்க்க வேண்டும். நிலமெங்கும் காய்ந்திருக்க, அங்கே ஒரு செடி அமைதியாகப் பூத்துக்கொண்டிருக்கும்.

புதைந்த விதைகளின் ஆயுளை எண்ணிப் பார்த்தால், இந்தச் சுற்றுகள் சில ஆண்டுகள் தொடர வேண்டியவை. இரண்டாம் ஆண்டில் ஒன்றும் முளைக்கவில்லை என்று நிறுத்தியவர்கள், ஒரு கம்பம் நடக் குழி தோண்டிய இடத்தில் மீண்டும் அதைச் சந்தித்திருக்கிறார்கள்.

11. களைக்கொல்லி, உப்புக் கரைசல், வண்டு

களைக்கொல்லி தெளிப்பதானால் செடி தரையொட்டிய பருவத்தில் இருக்கும்போதே தெளிக்க வேண்டும். பூத்த செடியில் தெளித்தால் செடி காயும், முற்றிய விதை பிழைத்துக்கொள்ளும். எந்த மருந்துக்கு எங்கே அனுமதி உள்ளது, எந்த அளவு என்பதை அதன் உறையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். அகன்ற இலையைப் புல்லிலிருந்து பிரித்தறியாத மருந்து, போட்டிப் புற்களையும் சேர்த்தே கொல்லும்.

15 முதல் 20 விழுக்காடு வரையான சமையல் உப்புக் கரைசலைத் தெளிப்பது பரவலாகச் சொல்லப்படும் வழி. செடி கருகுவது உண்மை. ஆனால் மண்ணில் தங்கும் உப்பு பிற செடிகளை வளரவிடாது. கல் பாவிய தரையின் இடுக்குகளைத் தவிர வேறெங்கும் அதை நான் பயன்படுத்துவதில்லை.

மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்ட சைகோகிராமா வண்டு, ஆஸ்திரேலியாவில் 1980இலும் இந்தியாவில் 1984இலும் பார்த்தீனியத்தைக் கட்டுப்படுத்துவதற்காக வெளியே விடப்பட்டது. வெளிர்நிற முதுகில் கரும்பழுப்புக் கோடுகள் ஓடும் சிறு வண்டு அது. வண்டும் அதன் புழுவும் இலைகளைத் தின்று செடியை மொட்டையாக்கும். ஆனால் மழைக்காலத்தில்தான் அது ஊக்கத்தோடு இயங்கும், வறண்ட மாதங்களை மண்ணுக்குள் உறங்கிக் கழிக்கும். நீங்கள் கையால் பராமரிக்கக்கூடிய சிறு நிலத்தில் வண்டை நம்பிக் காத்திருக்காமல் பிடுங்கிவிடுங்கள். பக்கத்தில் கைக்கு எட்டாத பெருந்தரிசு இருந்தால், அங்கே வண்டுகள் தின்னட்டும், பூச்சிமருந்து மட்டும் தெளிக்காதீர்கள்.

12. நிலத்தை விட்டு வெளியேறும் முன்

காலணியின் அடியில் ஒட்டிய சேற்றை நிலத்தின் எல்லைக்குள்ளேயே சுரண்டி எடுங்கள். கருவிகளையும் வண்டிச் சக்கரங்களையும் அங்கேயே கழுவுங்கள். சட்டை மடிப்பு, கால்சட்டையின் கீழ்மடிப்பு, காலுறை ஆகியவற்றை உதறிப் பாருங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் உடைகளைக் களைந்து தனியாகத் துவைத்து, சோப்பிட்டுக் குளித்துவிட வேண்டும். கையுறையைக் கழற்றும் முன் அதன் வெளிப்புறத்தைக் கழுவினால், அன்றைய நாளின் கடைசி ஐந்து நிமிடத்தில் கண்ணைக் கசக்கி வம்பை விலைக்கு வாங்க நேராது.

புதிதாக மண், ஜல்லி, எரு, வைக்கோல் எது வந்து இறங்கினாலும் அது கொட்டப்பட்ட இடத்தைக் குறித்து வைத்து, அடுத்த மூன்று சுற்றுகளில் அந்த இடத்தை முதலில் பாருங்கள்.